வலி தானாக வந்தது என்று சொன்னோம்

என்னிடம் வேலை பழகிய பெண் ஒருத்தி இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். போன மாதம் என்னைப் பார்க்க வந்தவள், கைப்பையிலிருந்து தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு மெஷினை எடுத்தாள். கேட்காமல் கொள்ளாமல் என் விரலைப் பிடித்துக் குத்தினாள். ஒரு சொட்டு ரத்தம். நான் அவளைத் திட்டி முடிப்பதற்குள் என் சர்க்கரை எவ்வளவு என்று அதில் எண் விழுந்துவிட்டது.

பிறகு அவள் வார்டில் நடந்த ஒரு கதையைச் சொன்னாள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் ஒரு பெண், காமாலை, அரைகுறை நினைவு. கல்லீரலில் கொழுப்பு அடைத்துக்கொள்ளும் நோயாம். கர்ப்பிணிகளுக்குக் கடைசி மாதங்களில்தான் வருமாம், பிள்ளையை வெளியே எடுத்தால்தான் தணியுமாம். இந்த மெஷினை வைத்து மணிக்கு மணி சர்க்கரை பார்த்து, அன்றைக்கே பிள்ளையை எடுத்துவிட்டார்கள். தாயும் பிள்ளையும் சுகம்.

“ஒங்க காலத்துல இப்படி ஒரு கேஸ் பாத்திருக்கியளா சிஸ்டர்?” என்று கேட்டாள்.

பார்த்திருக்கிறேன் என்றேன். என்ன செய்தீர்கள் என்றாள். குழம்பினோம் என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஓய்வு பெற்றவர்கள் பழைய கதை எழுதும்போது எல்லாம் முன்கூட்டியே தெரிந்த மாதிரி எழுதுகிறார்கள். படிக்கும்போது எனக்கு எரிச்சலாக வரும். எங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. சில விஷயம் எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கடற்கரைப் பிள்ளை. அப்பா சங்கு குளிக்கப் போனவர். முத்துக்குளிப்பு நான் பாவாடை கட்டிய வயதிலேயே நின்றுபோய்விட்டது. சிப்பி விளைந்திருக்கிறதா என்று அவ்வப்போது கடலடியில் சிப்பி ஒட்டும் பாறைத் திட்டை, பார் என்பார்கள், மூழ்கிப் பார்த்துவிட்டு இல்லை என்று கையை விரிப்பார்கள். கன்னியர் மடத்தில் படித்தேன், பாளையங்கோட்டையில் நர்ஸ் வேலை பழகினேன். பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. கால் வீங்கியது, திட்டு வாங்கினேன், பாஸ் ஆனேன். இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது தூத்துக்குடியில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது.

அங்கே எங்கள் மேலாள் ஒரு பெண் டாக்டர். டாக்டரம்மா என்றுதான் எல்லாரும் அழைப்போம். நாஞ்சில் நாட்டுக்காரர், மதராசில் படித்தவர், நெடுநெடுவென்று உயரம். குரலை உயர்த்தமாட்டார். ஆனால் அவர் வராந்தாவில் நடந்து வரும் செருப்புச் சத்தம் கேட்டால் நாங்கள் தலைத்துணியைச் சரிசெய்துகொள்வோம்.

அவர் முறைகள் இரண்டு. முதலாவது, எந்தக் கர்ப்பிணி வந்தாலும் சோப்புப் போட்டு முகம் கழுவ வைத்து, வராந்தாவில் வெயில் படும் இடத்தில் நிறுத்திவிட்டுத்தான் அவரைக் கூப்பிடவேண்டும். இதற்குக் காரணம் இருந்தது. எங்கள் பக்கத்துப் பெண்கள் மஞ்சள் பூசிக் குளிக்கிறவர்கள். வயிற்றில் பிள்ளை இருந்தால் இன்னும் ஒரு அப்பு கூட. துறைமுக ஊர் என்பதால், குண்டுவீச்சுக்குப் பயந்து, விளக்கு வெளியே தெரியக்கூடாது என்று ஜன்னல் கண்ணாடிகளுக்கெல்லாம் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. அதனால் பகலிலும் வார்டுக்குள் எல்லாமே பழுத்த நிறம். உள்ளே வைத்துப் பார்த்தால் அத்தனை பேருக்கும் காமாலை, அல்லது ஒருத்திக்கும் இல்லை. வெளிச்சத்தில் நிறுத்தி, கண்ணின் கீழ் இமையை இறக்கி, மேலே பார்க்கச் சொல்லி, வெள்ளை விழியை மட்டும் பார்ப்பார். தோலைப் பார்த்து ஒன்றும் சொல்லமாட்டார்.

இரண்டாவது, நாங்கள் நோயாளியைப் பற்றிச் சொல்லும் விதம். “பாத்தத மொதல்ல சொல்லு. நெனச்சத நான் கேக்கும்போது சொல்லு,” என்பார். நாங்கள் இரண்டையும் கலந்து சொல்லுவோம். அவர் பிரிக்கச் சொல்லுவார். இதைப் பழகுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இன்னொன்றும் உண்டு, அதை முறை என்று சொல்லமுடியாது. தெரியாததைத் தெரியாது என்று நோயாளியின் வீட்டாரிடமே சொல்லிவிடுவார். அவர்கள் அரண்டுபோவார்கள். பொய்யாவது சொல்லக்கூடாதா இந்த அம்மா என்று எனக்கே தோன்றியதுண்டு.

முத்துக்கனி வந்தது சித்திரை மாதம் பாதியில். தலைப்பிள்ளை. பேறுகாலம் வைகாசிக் கடைசியில் என்று கணக்கு. ஒரு வாரமாக வாந்தி, நெஞ்சுக்குழியில் எரிச்சல், அடங்காத தாகம். பித்தம் என்று வீட்டில் சுக்குக் கஷாயம் கொடுத்துப் பார்த்துவிட்டுத் தாய் கூட்டிவந்திருந்தாள். தாய் செம்மணலும் பனையுமான தேரிக்காட்டுக்காரி, சிவனம்மா என்று பேர். பெண்ணுக்கு நல்ல களையான முகம். மஞ்சள் பூசிய முகத்தோடு சிரித்துக்கொண்டுதான் வண்டியைவிட்டு இறங்கினாள்.

சோப்பைக் கொடுத்தேன். கழுவினாள். இன்னொரு முறை கழுவச் சொன்னேன். மஞ்சள் போகவில்லை. வெயிலில் நிறுத்தி இமையை இறக்கிப் பார்த்தபோது வெள்ளை விழியும் அதே நிறத்தில் இருந்தது. தாய் என் பக்கத்தில் நின்று, “நல்ல விரலி மஞ்சளு தாயீ, லேசுல போவாது,” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா வந்து பார்த்தார். வயிற்றின் வலப்பக்கம் விலாவுக்குக் கீழே விரலை வைத்துத் தட்டித் தட்டிக் கேட்டார். சிறுநீரைப் பிடித்துவரச் சொன்னார். கறுத்த தேத்தண்ணீர் நிறம். குழாயில் விட்டுக் குலுக்கினால் நுரையும் மஞ்சள். அயோடினை ஓரமாக இறக்கினால் பச்சை வளையம் விழுந்தது. காமாலை என்பதில் சந்தேகமில்லை. சர்க்கரைக்கு நீல மருந்தில் போட்டுக் காய்ச்சினேன், நீலம் நீலமாகவே இருந்தது. சிறுநீரில் சர்க்கரை இறங்கவில்லை என்று அதற்கு அர்த்தம். ரத்தத்தில் அது எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை அந்தக் குழாய் சொல்லாது. அதை அறிய எங்களிடம் வேறு வழியும் கிடையாது.

கர்ப்பிணிக்குக் காமாலை வந்தால் அந்தக் காலத்தில் கை வைக்கமாட்டார்கள். படுக்க வைத்து, எண்ணெய் நெய் இல்லாமல் கஞ்சி கொடுத்து, தானாக இறங்கும்வரை காத்திருப்பார்கள். பெரும்பாலும் இறங்கிவிடும். அதையே செய்தோம். வெளியிலிருந்து தின்பண்டமோ குடிக்கவோ எதுவும் கொண்டுவரக்கூடாது என்று தாயிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டோம்.

அதிலிருந்துதான் குழப்பம் ஆரம்பித்தது.

காலையில் நான் வேலையில் இருப்பேன், மத்தியானத்துக்கு மேல் பாக்கியம் அக்கா. பாக்கியம் அக்கா என்னைவிட மூத்தவர், அனுபவசாலி, கொஞ்சம் கதை கட்டுவார். மறுநாள் டாக்டரம்மாவிடம் அவர் சொன்னார்: முத்துக்கனி சாயங்காலம் என்னை நாத்தனார் பேர் சொல்லிக் கூப்பிட்டாள், கூரையில் கோழி நிற்கிறது என்று விரட்டினாள், பிறகு தூங்கி விழுந்தாள். நான் சொன்னேன்: காலையில் நன்றாகப் பேசினாள், தலை பின்னிவிடச் சொன்னாள். டாக்டரம்மா பார்வையிட வந்ததும் முற்பகலில்தான். அவர் கண்டதும் தெளிவான முத்துக்கனியைத்தான். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ரெண்டு பேரும் ஒரே கட்டிலத்தான் பாக்கியளா?” என்று கேட்டார்.

பாக்கியம் அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. நானும் மனசுக்குள் அவர் கோழியைக் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அடுத்த நாளும் அதே கதை. அதற்கு மறுநாள் சிவனம்மா வர நேரமாகிவிட்டது. முற்பகலில் டாக்டரம்மா கட்டிலருகே போய் நின்றார். முத்துக்கனி அவரை ஏறிட்டுப் பார்த்து, “அத்தே, உப்பளத்துல தண்ணி ஏறிட்டு,” என்றாள். கையால் காற்றைத் துழாவினாள். உடம்பெல்லாம் வியர்வை. பாக்கியம் அக்கா சொன்னதில் ஒரு சொல் கூடுதல் இல்லை.

சிவனம்மா அரக்கப்பரக்க வந்தாள். மகள் பக்கத்தில் மறைப்புத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். டாக்டரம்மா வேறு கட்டில்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் முத்துக்கனி எழுந்து உட்கார்ந்து, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நாங்கள் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் நேரத்தில் மோசமாகிறாள், தாய் வந்து உட்கார்ந்தால் தெளிகிறாள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எங்கள் கவனிப்பில்தான் ஏதோ கோளாறு என்று ஒரு பயம். தாய் ஏதோ மந்திரிக்கிறாள் என்று பாக்கியம் அக்கா. டாக்டரம்மா மட்டும் தாயைத் தனியே அழைத்து, நாட்டு மருந்து என்ன கொடுக்கிறாய் என்று கேட்டார். சிவனம்மா செந்தூர் முருகன் மேல் சத்தியம் செய்தாள், ஒரு வேரோ இலையோ கொடுக்கவில்லை என்று. சத்தியம் செய்துகொண்டிருக்கும்போதே டாக்டரம்மா அவள் முந்தானையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானை நுனியில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது.

நான் கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். எறும்பு ஏறாமலிருக்கக் கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தியிருப்போம். சுவரோரமாக ஒரு எறும்புச் சாரை வந்து, துணி மூட்டைக்குள் போய்க்கொண்டிருந்தது. மூட்டைக்குள் ஒரு செம்பு. முகர்ந்தால் சுண்ணாம்பு வாடையோடு பதநீர்.

சிவனம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். மகளுக்குத் தாகம் தாகம் என்று உயிர் போகிறது, கஞ்சி வயிற்றில் தங்கவில்லை, இது ஒன்றுதான் தங்குகிறது, தன் தம்பி பனையிலிருந்து இறக்கிக் காலையிலும் அந்தியிலும் கொண்டுவந்து தருகிறான், இன்றைக்கு அவன் வரப் பிந்திவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பயந்து மறைத்தாள். காமாலைக்காரிக்குப் பத்தியம் முறிக்கிறாயா என்று சம்பந்தி சண்டைக்கு வருவாள் என்று அதைவிடப் பயந்து மறைத்தாள். பதநீர் வேருமில்லை இலையுமில்லை என்பதால் சத்தியம் பொய்யாகவில்லை என்று அவளுக்கு ஒரு கணக்கு.

டாக்டரம்மா திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்தச் செம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என்னை, குழந்தைகளுக்கென்று வைத்திருந்த குளுக்கோஸ் டப்பாவை எடுத்துவரச் சொன்னார். யுத்த காலத்தில் அது பொன் மாதிரி. மத்தியானத்தில் முத்துக்கனிக்கு மறுபடி பேச்சுக் குளறியபோது, கரைத்து ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அவள் என்னைப் பார்த்து, “நீங்க காலைல தலை பின்னுன சிஸ்டருல்லா,” என்றாள். அன்று நான் வீட்டுக்குப் போகவில்லை. சாயங்காலம் மறுபடி மயங்கினாள், மறுபடி புகட்டினோம், மறுபடி தெளிந்தாள். ஆனால் ஒவ்வொரு முறையும் தெளிவு சீக்கிரம் தேய்ந்தது.

“ஈரல் சர்க்கரையப் பிடிச்சு வைக்கல,” என்றார் டாக்டரம்மா எங்களிடம். “வெறும் காமாலைன்னா இவ்வளவு ஆகாது. மதராசுல ரெண்டு பேர இப்படிப் பாத்தேன். காத்திருந்தோம். ரெண்டு பேரும் போயிட்டாங்க. பிள்ளை உள்ள இருக்கிற வரைக்கும் இது எறங்காதுன்னு நெனைக்கேன். நெனைக்கேன், அவ்வளவுதான்.”

பிள்ளையை வெளியே கொண்டுவர வேண்டும். மயக்கத்துக்கு குளோரோபார்ம் கொடுத்து வயிற்றைக் கிழிக்க முடியாது. குளோரோபார்ம் நல்ல ஈரலையே அரிக்கும் என்பது தெரிந்த விஷயம். பனிக்குடத்தை உடைத்துவிட்டு, வலி வரக் காத்திருந்து பெற வைப்பது ஒன்றுதான் வழி. மறுநாள் காலையில் செய்யலாம், வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள் என்றார்.

சொன்னோம். அப்போதுதான் சித்திரை குறுக்கே வந்தது.

ஆண் பிள்ளை, அதிலும் தலைப்பிள்ளை, சித்திரையில் பிறந்தால் தகப்பனுக்கு ஆகாது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவதே இதற்காகத்தான். கிறிஸ்தவர்களான எங்கள் வேதக்காரர்களுக்கு இதெல்லாம் கிடையாது என்று அப்போது நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். ஆனால் என் அம்மா ஆடியில் ஒரு காரியமும் தொடங்கமாட்டாள். கேட்டால், காற்று அதிகம் என்பாள்.

முத்துக்கனியின் மாமியார் வந்து வராந்தாவில் நின்றார். கெட்ட மனுஷி இல்லை. அவருக்கே சித்திரையில் ஒரு ஆண் பிள்ளை பிறந்து, அந்த வருஷமே புருஷன் போய், அந்தப் பிள்ளையும் தங்காமல், மூத்ததான ஒரே மகனை வைத்துக் கரையேறியவர். வைகாசி பிறக்கட்டும், அதற்கப்புறம் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், காலில் விழுகிறேன் என்றார். விழவும் செய்தார். டாக்டரம்மா அவரைத் தூக்கிவிட்டு, நம்பிக்கை சரியா தப்பா என்று ஒரு வார்த்தை பேசவில்லை. அதைப் பேச எனக்கு நேரம் இல்லை என்று பிறகு எங்களிடம் சொன்னார்.

முத்துக்கனியையே கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தார். குளுக்கோஸ் புகட்டி, நன்றாகத் தெளிந்த சமயத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். காத்திருந்தால் உயிருக்கு ஆபத்து என்றும் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“வைகாசி பொறக்கட்டும்மா,” என்றாள். “அவியளுக்கு ஒண்ணும் வரப்பிடாது.”

அந்தத் தெளிவு கொஞ்ச நேரம்தான். மறுபடி மயக்கம் கவிந்தபோது அவளே வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “எடுத்துருங்க. இது என்னயக் குடிக்கி,” என்று முனகினாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

“இதுல எது அவ பேச்சு?” என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார்.

வழக்கமாகப் பார்த்ததைச் சொல் என்பவர். நான் இரண்டையும் பார்த்திருந்தேன். புத்தி தெளிவாக இருக்கும்போது சாகத் தயாராக இருக்கிறாள், புத்தி கலங்கும்போது பிழைக்கப் பார்க்கிறாள். எதைக் கேட்டு நடப்பது? இன்றைக்கு ஒரு நர்ஸ் என்னிடம் வந்து இதே கேள்வியைக் கேட்டாலும் எனக்குத் தெரியாது.

புருஷன் தங்கவேல் மறுநாள் காலையில் துறைமுகத்திலிருந்து வந்தார். கருப்பட்டியும் வெங்காயமும் ஏற்றித் தோணியில் கொழும்புக்குப் போய்வருகிறவர், அப்போதுதான் கரையிறங்கியிருந்தார். உப்புப் பூத்த வேட்டியோடு நேரே வந்துவிட்டார். உள்ளே போய்ப் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் அவரைத் தோணிக்காரர் யாரோ என்று நினைத்து, “அவிய எப்பம் வாராவ?” என்று அவரிடமே கேட்டாள். மனுஷன் வெளியே வந்து வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

டாக்டரம்மா விஷயத்தைச் சொன்னார். அவர் கேட்டது இரண்டே கேள்வி. வைகாசிவரை தாங்குவாளா? தாங்கமாட்டாள் என்று நினைக்கிறேன் என்றார் டாக்டரம்மா. எடுத்தால் பிழைப்பாளா? தெரியாது என்றார்.

இந்த இடத்திலாவது பிழைப்பாள் என்று சொல்லக்கூடாதா? ஆனால் தங்கவேல் அந்தப் பதிலைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார், அது போதும் என்பதுபோல.

“சித்திரைக்கு உள்ளது எந்தலையில விழணும்னா விழட்டும்மா,” என்றார். “அவ கண்ணு முழிச்சி ஆளு தெரிஞ்சி பேசினா போதும். எடுத்துருங்க.”

திரும்பிப் படியில் இறங்கினவர் மறுபடி ஏறி வந்தார். நான் ஒருத்திதான் நின்றிருந்தேன்.

“நான் சொல்லித்தான் எடுத்தீயன்னு அவளுக்குத் தெரியாண்டாம் சிஸ்டர். எங்க அம்மைக்கும் தெரியாண்டாம். வலி தானா வந்துட்டுன்னு சொல்லிருங்க.”

சரி என்றேன். அந்தச் சமயத்தில் அது பெரிய வாக்காகத் தெரியவில்லை.

கருவிகளைக் கொதிக்க வைத்தோம். எனாமல் தட்டு, நீண்ட வளைந்த பிடிகருவி, லைசால் தண்ணீர், வெந்நீர். ஜன்னலில் ஒட்டியிருந்த பழுப்புக் காகிதத்தை டாக்டரம்மா தன் கையாலேயே கிழித்தார். யார் கேட்டாலும் என் பேரைச் சொல் என்றார். வெயில் மேஜைமேல் விழுந்தது. பாக்கியம் அக்கா கால்மாட்டில், நான் தலைமாட்டில். என் வேலை புகட்டுவது. குளுக்கோஸ் தீர்ந்துவிடும் நிலை. டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டே சிவனம்மாவை வாசலுக்கு அழைத்து, தம்பியைப் பதநீர் இறக்கிக்கொண்டே இருக்கச் சொல்லு, இன்றைக்கு யாரும் திட்டமாட்டார்கள் என்றார். சிவனம்மாவுக்கு அழுவதா ஓடுவதா என்று தெரியவில்லை. அழுதுகொண்டே ஓடினாள்.

பனிக்குடம் உடைந்தது. தண்ணீர் மஞ்சளாக வந்தது. பிறகு காத்திருப்பு. டாக்டரம்மா வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், கண்ணை மூடிக்கொண்டு. வலி எழும்போது கை தானாக அழுந்தும், தணியும்போது லேசாகும். இடையிடையே என்னைப் பார்த்துத் தலையசைப்பார், நான் புகட்டுவேன். முத்துக்கனி என்னை அம்மா என்றாள், அத்தை என்றாள், பேரில்லாத யாரோ என்றாள். விழுங்க மறந்துபோவாள், தொண்டையைத் தடவிவிடுவேன். வெயில் சாயும்போது பிள்ளை பிறந்தது. சின்னது. சற்றுப் பிந்தித்தான் அழுதது. ஆண்.

பாக்கியம் அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். ஆனால் டாக்டரம்மா பிள்ளையைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டில் விழுந்த ரத்தம் உறையவில்லை. எவ்வளவு நேரம் வைத்தாலும் தண்ணீராகவே கிடந்தது. அதுவும் ஈரலின் வேலைதான் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். ஊசி போட்டோம். கர்ப்பப்பையை இரண்டு கைக்கு நடுவில் வைத்து அழுத்திப் பிடித்தார், அவர் கை மரத்தால் பாக்கியம் அக்கா, அவர் கை மரத்தால் நான். வெள்ளைப் பீங்கான் ஓட்டில் சொட்டுச் சொட்டாக வைத்துப் பார்த்ததில் தங்கவேலின் ரத்தம் சேரவில்லை, சிவனம்மாவின் ரத்தம் சேர்ந்தது. பக்கத்துக் கட்டிலில் தாயைப் படுக்க வைத்து எடுத்து ஏற்றினோம். ஒருவழியாகத் தட்டில் விழுந்தது கூழ்போல இறுக ஆரம்பித்தபோது டாக்டரம்மா நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். “பொழைப்பாளான்னு இப்பமும் எனக்குத் தெரியல,” என்றார்.

முத்துக்கனி பிழைத்தாள். நாலைந்து நாள் கழித்துத் தங்கவேலைப் பார்த்து, ஏன் இப்படித் தாடி வளர்த்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். அவர் வெளியே போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அடக்கமுடியவில்லை. மஞ்சள் மெல்ல மெல்ல இறங்கியது. ஆனால் வாந்தி ஆரம்பித்ததிலிருந்து பிள்ளை முகம் பார்த்ததுவரை அவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. வைகாசி வரட்டும் என்று சொன்னதும், எடுத்துவிடுங்கள் என்று சொன்னதும் இரண்டுமே இல்லை. வலி தானாக வந்தது என்று சொன்னோம். மாமியாரிடமும் அதையே சொன்னோம். சித்திரையில் வரவேண்டும் என்று அதன் விதி என்று அவர் பிள்ளையைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுப் போனார்.

அந்தக் கார்த்திகையில் தங்கவேல் போன தோணி திரும்பவில்லை. அந்தப் பருவத்தில் வழக்கமாகத் தோணி விடமாட்டார்கள். யுத்த காலம், சரக்குத் தேங்கிக் கிடந்தது, துணிந்து போனார்கள். புயல். ஊரில் நாலைந்து வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டது. மற்ற வீட்டுப் பிள்ளைகள் யாரும் சித்திரையில் பிறந்தவர்கள் இல்லை. இதை எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லும்போது தெளிவாக இருக்கும், பிறகு கலங்கிவிடும்.

முத்துக்கனி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அவன் தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்திருந்தான். டாக்டரம்மா அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார். என்னை வராந்தாவுக்கு அழைத்தாள். மாமியார் பிள்ளையைத் தொடுவதில்லை என்றாள். சோறு ஊட்டமாட்டார், பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார். அவன் போய் மடியில் விழுந்தால் எழுந்து போய்விடுகிறார்.

“எனக்கு ஒண்ணும் நெனவில்ல சிஸ்டர். நீங்க கூடவே இருந்திய. இவன் தானா வந்தானா, நீங்க எடுத்தியளா? அத மட்டும் சொல்லுங்க.”

ஒரு மனுஷனுக்குச் சரி என்று சொல்லியிருந்தேன். அவர் இப்போது இல்லை. சொல்லாமல் இருந்தால் அவர் வார்த்தை காப்பாற்றப்படும், அவர் பிள்ளை குற்றவாளியாக வளரும். டாக்டரம்மா இருந்தால் பார்த்ததைச் சொல் என்பார். நான் பார்த்ததைச் சொன்னேன். உப்புப் பூத்த வேட்டி, தூண், இரண்டு கேள்வி, அவர் சொன்ன வார்த்தைகள்.

அவள் அழவில்லை. பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

“அப்பம் இவன் ஒண்ணும் செய்யல,” என்றாள். பிறகு, “இத அப்படியே எங்க அத்தைட்ட வந்து சொல்லுதியளா?” என்று கேட்டாள்.

அன்று வேலை முடிந்ததும் போனேன். மாமியார் முற்றத்தில் மிளகாய் வத்தல் காய வைத்துக்கொண்டிருந்தார். உட்கார் என்று சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். பாதியிலேயே கத்துவார், என்னை வெளியே போகச் சொல்வார், டாக்டரம்மாவைச் சபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையில் எடுத்த மிளகாய் கையிலேயே இருந்தது.

“எம்மவன் அப்படியா சொன்னான்?” என்றார்.

ஆமாம் என்றேன்.

“எப்படிச் சொன்னான்? அவஞ் சொன்ன மாதிரியே சொல்லு.”

சித்திரைக்கு உள்ளது எந்தலையில விழணும்னா விழட்டும்மா என்று அவர் சொன்னபடியே சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னார். எனக்குப் புரியவில்லை, சரியாகக் காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். கொஞ்சம் உரக்கச் சொன்னேன். மறுபடியும் கேட்டார். அந்தத் தடவை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது பிள்ளை தள்ளாடிப் போய் அவர் முழங்காலைப் பிடித்தது. அவர் எழுந்து போகவில்லை. அவன் பக்கம் பார்க்காமலே, மிளகாய்க் கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“இன்னொரு தரம் சொல்லு தாயீ,” என்றார். சொன்னேன்.